பொறுப்பான பயணம்: வழிகாட்டிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுற்றுலா தொடங்கும்போது பேருந்தில் ஒலிவாங்கியைப் பிடித்து ஐந்து நிமிடம் அறிவுரை சொல்லிவிட்டால் பொறுப்பான பயணத்துக்கான கடமை முடிந்தது என்று நினைப்பதே வழிகாட்டிகள் செய்யும் முதல் தவறு. பாதையை விட்டு விலகாதீர்கள் என்று சொன்னவரே அரை மணி நேரம் கழித்து நேரத்தை மிச்சப்படுத்தக் குறுக்குவழியில் இறங்கினால், பின்னால் வரும் இருபது பேரும் அந்தச் செடிகளை மிதித்துக்கொண்டுதான் இறங்குவார்கள். புதிய இடத்துக்கு வந்தவர்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை வழிகாட்டியின் பேச்சைவிட அவருடைய நடையைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள்.

இந்தத் தவறு மிக அதிகமான கேட்டை விளைவிப்பது காட்டுயிர்களைக் காணும் பயணங்களில்தான். "இன்று கட்டாயம் பார்த்துவிடலாம்" என்று காலையில் கொடுக்கும் வாக்குறுதி, மாலைக்குள் ஓட்டுநரை விலங்கின் பின்னால் விரட்டிச் செல்ல வைக்கிறது. இன்னும் கொஞ்சம் நெருங்கினால் நல்ல படம் கிடைக்கும், நல்ல படம் கிடைத்தால் அன்பளிப்பும் கூடும் என்ற கணக்கும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. காண்பது உறுதியில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, காலடித் தடம், எச்சம், மரப்பட்டையில் பதிந்த நகக்கீறல் ஆகியவற்றை வாசித்துக் காட்டத் தெரிந்த வழிகாட்டியுடன் செல்பவர்கள், விலங்கு கண்ணில் படாத நாளிலும் வெறுங்கையோடு திரும்புவதில்லை.

விதியை மட்டும் சொல்லிவிட்டு, அதற்கான காரணத்தைச் சொல்லாமல் விடுவதும் இதோடு சேர்ந்த பிழையே. பசிபிக் கடலில் உள்ள கலாபகசுத் தீவுகளில் விலங்குகளிடமிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் ஒரு மலைக் கொரில்லாக் குடும்பத்தைக் காண ஒரு நாளில் 8 பேர் மட்டுமே, அதுவும் ஒரு மணி நேரம் மட்டுமே அனுமதிக்கப்படுகிறார்கள். நமக்குச் சாதாரணமான சளிக்காய்ச்சல் கொரில்லாவின் உயிரையே பறிக்கக்கூடும் என்பதைக் கேட்ட பயணி, தான் விலகி நிற்பதோடு நில்லாமல் பக்கத்தில் நிற்பவரையும் பின்னுக்கு இழுப்பார். காரணம் தெரியாதவருக்கு அந்த இடைவெளி, தான் கொடுத்த பணத்துக்குக் குறைவாகக் காட்டுகிறார்கள் என்ற எரிச்சலாகவே மிஞ்சும். குட்டிகளைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்ளும் இடங்களையும், விலங்குகளின் மீது சவாரி செய்யும் இடங்களையும் பயணத் திட்டத்தில் சேர்க்கவே வேண்டாம். இதில் நடுவழி எதுவும் இருப்பதாக நான் கருதவில்லை.

எல்லாக் குழுக்களும் செல்லும் நேரத்தில் எல்லாக் குழுக்களும் செல்லும் இடத்துக்கே செல்வது, தவறு என்றே பலருக்குத் தோன்றாத ஒன்று. தாய்லாந்தின் மாயா விரிகுடாவுக்கு நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்ததில் பவளப்பாறைகள் சிதைந்து, 2018 ஜூனில் அந்தக் கடற்கரையை மூட நேர்ந்தது. 2022 ஜனவரியில் அது மீண்டும் திறக்கப்பட்டபோது படகுகள் விரிகுடாவுக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டு, வருவோரின் எண்ணிக்கையும் கட்டுப்படுத்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கருமுனைத் துடுப்புச் சுறாக்கள் அங்கே திரும்பியிருந்தன. எத்தனை பேர் வரலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் வழிகாட்டிக்கு இல்லை என்றாலும், தன் குழுவை விடியற்காலையில் அழைத்துச் செல்வதும், நெரிசலான நாளில் வேறோர் இடத்தைப் பரிந்துரைப்பதும் அவர் கையில்தான் இருக்கின்றன.

அடுத்தது, அந்த மண்ணின் மக்கள். கமிஷன் தரும் கடைக்கே குழுவை ஓட்டிச் செல்லும் வழிகாட்டி, அந்தப் பொருளைத் தன் கையால் செய்தவருக்குப் போய்ச் சேர வேண்டிய பணத்தைத் திசைதிருப்புகிறார். பயணிகளும் இதை விரைவில் உணர்ந்துவிடுகிறார்கள், அதன்பின் அவர் சொல்லும் எதையும் அவர்கள் நம்புவதில்லை. கேட்காமல் மனிதர்களைப் படமெடுக்க விடுவதும், ஆதரவற்ற குழந்தைகளின் இல்லங்களைக் காட்சிப் பொருளாக்குவதும் இதைவிடக் கொடியவை. உள்ளூர் மக்கள் புனிதமாகக் கருதும் ஒன்றை வெறும் மூடநம்பிக்கை என்று சிரித்தபடி கடந்துசெல்பவர்களும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் உலுரு பாறையில் ஏற வேண்டாம் என்று அதன் உரிமையாளர்களான அனங்கு மக்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டபோதும் பயணிகள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். 2019 அக்டோபர் 26-இல்தான் தடை நடைமுறைக்கு வந்தது. அத்தகைய வேண்டுகோளை அந்த மக்களின் சொற்களிலேயே, இயன்றால் அவர்களில் ஒருவரின் வாயாலேயே பயணிகளைக் கேட்க வைப்பது நல்லது.

பொருள்களைப் பற்றிய அறிவுரையைத் தாமதமாகச் சொல்வதால் பயனில்லை. பவளத்துக்குத் தீங்கு விளைவிக்கும் வேதிப்பொருள்கள் கலந்த சன்ஸ்கிரீனுக்குப் பலாவு நாடு 2020 முதல் தடை விதித்திருக்கிறது. கடற்கரையில் நின்றுகொண்டு இதைச் சொன்னால், பூசி முடித்தவர் என்ன செய்ய முடியும்? நீண்ட கை வைத்த நீச்சலாடை, மீண்டும் நிரப்பக்கூடிய தண்ணீர்ப் புட்டி, தோள்பட்டையை மறைக்கும் துணி ஆகியவற்றின் பட்டியல், பயணிகள் பெட்டி கட்டத் தொடங்கும் முன்பே அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.