டில்லி வழியாக மட்டக்களப்புக்கு: தாமரைக் கோயிலைப் பார்த்துவிட்டுப் போவது எப்படி

வைகாசியில் கண்ணகியம்மன் சடங்கு, ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம் என்று ஊருக்குப் போகிறவர்களில் டில்லியில் விமானம் மாறுகிறவர்களும் உண்டு. இடையில் 9 மணித்தியாலம் இருந்தால் தாமரைக் கோயில் எனப்படும் பஹாய் சமயத்தவரின் வழிபாட்டு இல்லத்தைப் பார்க்கலாம். அரை மணி கைகாவலுக்கு வைத்துக் கணக்கு இதுதான்: குடிவரவுக்கு ஒன்றரை, போக ஒன்று, பார்க்க ஒன்றரை, நெரிசலில் திரும்ப ஒன்றரை, விமானத்துக்கு 3 மணி முந்தி வந்து நிற்க வேண்டும். அதற்குக் குறைவென்றால் வெளியே போகாதீர்கள்.

விமான நிலையத்தை விட்டு வெளியே வர இந்திய விசா கட்டாயம். இ-விசா கிடைக்குமா என்பது கடவுச்சீட்டைப் பொறுத்தது. பயணச்சீட்டு எடுக்கமுதலே பாருங்கள். கோயில் திங்கட்கிழமை பூட்டு. ஞாயிறு சனம் கூட.

வெளிநாட்டு விமானங்கள் வருவது டெர்மினல் 3 இல். கோயிலுக்குக் கிட்டவுள்ள கல்காஜி மந்திர் நிலையத்துக்கு நேரே போகும் மெஜந்தா மெட்ரோ ரயில் பாதை டெர்மினல் 1 இல்தான் இருக்கிறது. பலர் தடுமாறுவது இங்கேதான். ப்ரீபெய்ட் டாக்ஸி எடுப்பதே சுகம். பெரிய பெட்டிகளை விமான நிலையத்திலேயே பணம் கட்டி வைத்துவிடுங்கள்.

நுழைவுக் கட்டணம் இல்லை. வாசலில் இருந்து நல்ல தூரம் நடக்க வேண்டும், பிறகு படிகள். மூட்டுவலிக்காரருக்கு இதைச் சொல்லியே கூட்டிப்போங்கள். செருப்பைக் கழற்றியபின் சலவைக்கல்லில் கால் வைக்க வேண்டும். மே, ஜூனில் வெயில் 40 பாகைக்கு மேல் போகும், கால் வெந்துவிடும். ஒரு சோடி காலுறை கொண்டுபோங்கள், காலையிலேயே போங்கள். தைப்பொங்கலுக்குப் போகிறவர்களுக்கு வேறு தொல்லை: ஜனவரி மூடுபனியில் விமானங்கள் பிந்தும்.

கட்டடம் 1986 இல் முடிந்தது. ஈரானில் பிறந்த ஃபரிபோர்ஸ் சஹ்பா வரைந்தது. இதழ்கள் 27, பக்கங்கள் 9, வாசல்கள் 9, சுற்றிவரக் குளங்களும் 9. காத்தான்குடி, கல்முனைப் பக்கம் பிஸ்மில்லாவுக்கு 786 என்று எழுதுவார்களே, அதே அப்ஜத் என்னும் அரபு எழுத்தெண் கணக்கில், பஹாய் என்ற பெயருக்கு வேரான ‘பஹா’ என்ற சொல்லின் பெறுமதி 9. குளங்கள் அழகுக்கு மட்டும் இல்லை. நீரின் மேலால் குளிர்ந்த காற்று அடித்தளத்தால் உள்ளே வந்து, சூடேறி, உச்சியால் வெளியேறும். இதழ்களின் வெள்ளைக்கல் கிரேக்கத்துப் பென்டெலி மலையில் இருந்து வந்தது. உன்னிச்சைக் குளத்துத் தாமரை விடியலில் பாதி விரிந்து நிற்கும் பதம்தான் இதன் உருவம்.

உள்ளே சிலை இல்லை, பூசை இல்லை, பிரசங்கம் இல்லை, வாத்தியமும் இல்லை. எந்தச் சமயத்தவரும் இருந்து மனதுக்குள் மன்றாடலாம். படம் எடுக்கவும் கதைக்கவும் விடமாட்டார்கள். சிறுபிள்ளைகளை வெளியிலேயே பழக்கிவிடுங்கள். சுற்றிப் பார்த்துவிட்டு ஓடிவராமல் பத்து நிமிடமாவது வாங்கில் இருங்கள். இதழ்களுக்கிடையால் இறங்கும் வெளிச்சத்தை அண்ணாந்து பார்க்காமல் வந்தால் போனதற்கே பலனில்லை. படம் வேண்டுமென்றால் வெளியில், குளக்கரையில் எடுங்கள்.

கொழும்பில் இருந்து ரயில் மட்டக்களப்போடு முடிந்துவிடும். கல்முனை, அக்கரைப்பற்றுக்காரர் அங்கிருந்து பஸ் எடுக்க வேண்டும்; டில்லியில் அலைந்த களைப்போடு அன்றிரவே புறப்படாமல் கொழும்பில் ஓர் இரவு தங்கிப் போங்கள்.