சர்க்கரை இறங்கினால் எந்த வழியில் கொடுப்பது?

இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு ரத்தச் சர்க்கரை 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே இறங்கினால் முதலில் பார்க்க வேண்டியது, அவரால் விழுங்க முடிகிறதா என்பதுதான்.

முடிந்தால் வாய்வழியே 15 கிராம் குளுக்கோஸ் கொடுங்கள். குளுக்கோஸ் இல்லாவிட்டால் மூன்று, நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். சாக்லேட் வேண்டாம்; அதிலுள்ள கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். அகார்போஸ், வோக்லிபோஸ் சாப்பிடுபவருக்குக் குளுக்கோஸே வேண்டும். சாதாரணச் சர்க்கரையை உடைக்கும் நொதியை இந்த மாத்திரைகள் தடுத்துவிடும். 15 நிமிடம் கழித்துச் சோதித்து, 70-ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு 15 கிராம்.

சரியான உடலில் கணையம் சுரக்கும் இன்சுலின் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போகிறது. ஏறக்குறையப் பாதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொள்ளும். சர்க்கரை இறங்கினால் கணையம் சுரப்பைக் குறைத்துவிடும்; உடனே கல்லீரல் சேமிப்பிலிருந்து குளுக்கோஸை விடும். ஊசியில் போட்ட இன்சுலினோ தோலுக்கடியிலிருந்து பொது ரத்த ஓட்டத்தில் கலக்கிறது. இதனால் தசைகளுக்குத் தேவைக்கு மேல் கிடைக்கிறது. இறங்கும்போது அதைக் குறைக்கவும் வழியில்லை. ஆகவே சர்க்கரை ஏறிய பிறகும், அடுத்த சாப்பாட்டுக்கு நேரமிருந்தால், மாவுச்சத்துள்ள உணவு கொஞ்சம் கொடுக்க வேண்டும்.

நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். குளுகாகான் (சர்க்கரையை ஏற்றும் ஹார்மோன்) ஊசி இருந்தால் 1 மி.கி. தொடைத் தசையில் போடுங்கள். 25 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு 0.5 மி.கி. போதும். தூளாக வரும் மருந்தைக் கூடவே உள்ள திரவத்தில் தெளியும்வரை கரைத்து, உடனே போட வேண்டும். வாந்தி வரக்கூடும் என்பதால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஊசி போட்ட கையோடு ஆம்புலன்ஸை அழையுங்கள்.

குளுகாகான் தானாகச் சர்க்கரை தருவதில்லை. கல்லீரல் சேமித்து வைத்துள்ள சர்க்கரையான கிளைகோஜனை உடைத்து வெளியே விடச் சொல்லும், அவ்வளவுதான். சேமிப்பே காலியாக இருந்தால் என்ன செய்யும்? நெடுநேரம் பட்டினி கிடந்தவர், வெறும் வயிற்றில் மது குடித்தவர், கல்லீரல் சுருங்கியவர் ஆகியோரிடம் அது பலிக்காமல் போவது இதனால்தான். மதுவால் இன்னொரு தீங்கும் உண்டு: கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிப்பதையும் அது தடுத்துவிடும். இவர்களுக்கு 15 நிமிடம் பொறுத்துப் பார்க்காமல் நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

அங்கே சிரை வழியே 25% டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி., அதாவது 25 கிராம் குளுக்கோஸ், ஏற்றுவார்கள். கல்லீரலை நம்பாமலேயே சில நிமிடத்தில் வேலை செய்யும் வழி இது. 50% கரைசல் சிரைக்கு வெளியே கசிந்தால் திசுவையே கெடுத்துவிடும். நீர்த்த கரைசலே நல்லது.

சிரையில் ஏற்றிய குளுக்கோஸைக் கல்லீரல் அவ்வளவாகச் சேமிப்பதில்லை. குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியே வரும் குளுக்கோஸ்தான் அதைச் சேமிக்கத் தூண்டுகிறது. எனவே நினைவு திரும்பி, விழுங்க முடிந்ததும் சாப்பிடக் கொடுத்தாக வேண்டும். குளுகாகான் போட்டவருக்குச் சுமார் 40 கிராம் மாவுச்சத்து தேவைப்படும், காலியான கிளைகோஜனை நிரப்ப. இது பலரும் விட்டுவிடும் படி. விட்டால் சர்க்கரை மறுபடி இறங்கும், அப்போது இரண்டாவது குளுகாகானும் கைகொடுக்காது.

கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளால் இறங்கியிருந்தால் ஒருமுறை ஏறியதை வைத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மாத்திரை உடலில் இருக்கும்வரை கணையம் இன்சுலினைச் சுரந்துகொண்டே இருக்கும். குறைந்தது 24 மணி நேரமாவது மருத்துவமனையில் வைத்துச் சோதிக்க வேண்டும்.