டெய்லி பெட்டிங் டிப்ஸ் வருதா? காசு கட்டறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், நான் இருக்கறது இங்கிலாந்துல. இங்க 18 வயசு ஆனவங்க லைசென்ஸ் இருக்கற இடத்துல பெட் கட்டலாம், சட்டப்படி தப்பில்ல. ஊர்ல இருந்து படிக்கறவங்க சும்மா தெரிஞ்சுக்கப் படிங்க, இந்தியால 2025ல காசு வெச்சு ஆடற ஆன்லைன் கேமையே சட்டம் போட்டு தடை பண்ணிட்டாங்க.

சனிக்கிழமை காலைல எந்திரிச்சா போன்ல டிப்ஸா வந்து குவிஞ்சிருக்கும். ஃபுட்பால்ல அஞ்சு, குதிரைல ரெண்டு, டென்னிஸ்ல ஒண்ணு, சீசன்னா ஐபிஎல் வேற. நிறைய பேரு அதுல டீம் பேரை மட்டும் பாப்பாங்க, பாக்க வேண்டியது பக்கத்துல இருக்கற ஆட்ஸ், அதாவது ஜெயிச்சா கட்டின காசையும் சேத்து எத்தனை மடங்கா திரும்பி வரும்ங்கற நம்பர்.

100-ஐ ஆட்ஸால வகுத்துப் பாருங்க. 2.50ன்னா 40 வருதா, அப்ப நூறுல 40 தடவைக்கு மேல அது நடக்கும்னு உங்களுக்கு நம்பிக்கை இருந்தாதான் கட்டணும். பெட்டிங் கடைல 6/4ன்னு எழுதியிருந்தாலும் அதே 2.50தான், ஆறை நாலால வகுத்து ஒண்ணு கூட்டிக்கங்க. இது தெரியாமதான் "எங்க டிப்ஸ் 80% கரெக்ட்"னு சொன்னதும் மயங்கிடறோம். ஆட்ஸ் 1.20ன்னு வைங்க, பத்து பவுண்டு வீதம் நூறு பெட், 80 ஜெயிச்சா ரெண்டு ரெண்டு பவுண்டா 160 வரும், தோத்த 20க்கு 200 போகும். எண்பது சதவீதம் கரெக்ட்டா சொல்லியும் கையை விட்டு 40 பவுண்டு போச்சு.

கடைக்காரன் பங்கு எங்க ஒளிஞ்சிருக்குன்னும் பாத்துடுங்க. ஒரு மேட்ச்ல ஹோம் 2.10, டிரா 3.40, அவே 3.60ன்னு இருந்தா மூணையும் சதவீதமாக்கி கூட்டினா 104.8 வரும், நூறுக்கு மேல இருக்கற அந்த 4.8தான் அவன் சோறு. ஒரு மேட்ச்ல சின்னதாத்தான் தெரியும், ஆனா அஞ்சு மேட்ச்சை ஒரே பெட்டா கோர்த்து "அக்கா" (அக்குமுலேட்டர், எல்லாமே ஜெயிச்சாதான் காசு) போடறோம் பாருங்க, அங்க அது பெருகிப் பெருகி 26 கிட்ட போயிடும். ஒவ்வொரு மேட்ச்சும் 60% சான்ஸ்னே வெச்சாலும் அஞ்சும் சேந்து வர்றது 8% கூட கிடையாது, பதிமூணு வாரத்துக்கு ஒரு தடவைன்னு வைங்க. டிப்ஸ் குடுக்கறவங்க ஏன் அக்காவையே தள்ளிவிடறாங்கன்னு இப்பப் புரியும், அவங்க லிங்க்ல சேந்தவங்க தோக்கற காசுல பல பேருக்கு கமிஷன் வருது.

ஆட்டத்துக்கு ஆட்டம் ரூல் மாறும், அதையும் பாத்துக்கணும். ஃபுட்பால்ல சாதாரண வின் பெட்டு 90 நிமிஷம் பிளஸ் இஞ்சுரி டைமோட முடிஞ்சுது, கப் மேட்ச்ல எக்ஸ்ட்ரா டைம்ல உங்க டீம் ஜெயிச்சு ஊரே ஆடினாலும் உங்களுக்கு நயா பைசா வராது. டென்னிஸ்ல ஒருத்தர் காயம்பட்டு பாதில போயிட்டா ஒரு கம்பெனி காசைத் திருப்பிக் குடுக்கும், இன்னொண்ணு முதல் செட் முடிஞ்சிருந்தா ரிசல்ட் குடுத்துடும், அதனால கட்டறதுக்கு முன்னாடியே படிங்க. கிரிக்கெட்ல டாஸுக்கு முன்னாடி வர்ற டிப்பை நான் திறக்கறதே இல்ல, நைட் மேட்ச்ல பனி இறங்கி பால் வழுக்கும்னா ரெண்டாவது பேட்டிங் யாருங்கறதுலயே பாதி கதை இருக்கு.

குதிரைதான் பெரிய தலைவலி. பேப்பர்ல "நேப்"னு போட்டா அது அந்த டிப்ஸ்டரோட அன்னைக்கு பெஸ்ட் டிப், அவ்வளவுதான், கேரண்டி ஒண்ணும் கிடையாது. "அஞ்சு பவுண்டு ஈச் வே"ன்னா பத்து பவுண்டு போகும், ஏன்னா ஜெயிக்கறதுக்கு ஒரு பெட், பிளேஸுக்கு, அதாவது முதல் சில இடத்துக்குள்ள வர்றதுக்கு ஒரு பெட். சாதாரணமா எட்டு குதிரையோ அதுக்கு மேலயோ ஓடினா மூணு பிளேஸ், காலைல எட்டு இருந்து மதியம் ஒண்ணு விலகி ஏழாச்சுன்னா ரெண்டே பிளேஸ், மூணாவதா வந்த உங்க குதிரைக்கு ஒண்ணும் இல்ல. அதுக்கும் மேல, விலகினது 2/1 குதிரைன்னா ரூல் 4ன்னு சொல்லி நீங்க ஜெயிச்ச லாபத்துல பவுண்டுக்கு 30 பென்ஸ் பிடிப்பாங்க. நைட்டு மழை பெஞ்சு தரை இளகிடுச்சான்னும் பாருங்க, நேத்து எழுதின டிப்புக்கு இன்னைக்குத் தரை எப்படின்னு தெரியாது.

தொடர்ந்து மூணு டிப் கரெக்ட்டா வந்துச்சுன்னு பெய்ட் குரூப்ல சேந்துடாதீங்க. ஒருத்தன் 800 பேருல பாதிக்கு இந்த டீம், பாதிக்கு அந்த டீம்னு அனுப்பினா 400 பேருக்கு கரெக்ட், அடுத்து 200, அடுத்து 100. அந்த நூறு பேரு கண்ணுக்கு அவன் சாமி.

அதனால எந்தக் குரூப்பா இருந்தாலும் மூணு மாசம் காசு கட்டாம ஒரு நோட்ல எழுதிட்டு வாங்க: தேதி, டிப், அவங்க போட்ட ஆட்ஸ், மெசேஜ் பாத்ததும் உங்களுக்கு நெஜமா கிடைக்கற ஆட்ஸ், ரிசல்ட். நான் ஒரு குரூப்புக்கு இப்படி எழுதினப்பதான் மாட்டுச்சு, அவங்க 2.20ன்னு போடுவாங்க, நான் ஆப்பைத் திறக்கறதுக்குள்ள 1.95 ஆயிருக்கும். 2.20க்கு நூறுல 46 தடவை ஜெயிச்சாலே போதும், 1.95க்கு 52 வேணும். அவங்க ஷீட்ல லாபம், என் நோட்ல நஷ்டம். போட்டோ எடுத்து அட்மினுக்கு அனுப்பி இதைக் கேட்டேன், மறுநாள் காலைல குரூப்ல இருந்து என்னைத் தூக்கிட்டாங்க.

கை நிக்கலைன்னு தோணினா கேம்ஸ்டாப்ல (GAMSTOP, பெட்டிங் சைட்ல இருந்து நாமளே நம்மளைத் தடுத்துக்கற சேவை) பேரைக் குடுங்க, ஃப்ரீதான், இங்க லைசென்ஸ் உள்ள எல்லா ஆன்லைன் சைட்டும் குறைஞ்சது ஆறு மாசத்துக்கு உங்களை உள்ள விடாது.