மீன் வாங்கும் முன் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள்: வேலூர்க்காரர்களுக்கு ஒரு செய்முறை

என் முதல் தொட்டியில் எட்டு நியான் டெட்ரா விட்டேன். மே மாதம், வீட்டில் போர் தண்ணீர். ஐந்தாம் நாள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதன் பூர்வீகம் அமேசான் பகுதியின் மென்மையான, அதாவது தாது உப்பு குறைந்த நீர். 26 டிகிரிக்கு மேல் போனால் தவித்துவிடும். நம்மூர் வெயில் 40-ஐத் தாண்டும். நிறத்தைப் பார்த்து வாங்கியது என் தப்பு, பாவம் மீன் என்ன செய்யும்.

படி 1: தண்ணீர். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? சோப்பு நுரைக்க மறுக்கிறதா? அப்படியானால் உங்களுடையது கடினத் தண்ணீர். கவலை வேண்டாம், கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் நான்கு மீன்களுக்கும் அதுதான் பிடிக்கும். இவற்றுக்கு வெறும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றாதீர்கள்; தேவையான தாது உப்பு அதில் இருக்காது. குழாயில் வருவது குளோரின் கலந்த தண்ணீர் என்றால் குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின் மருந்து கட்டாயம்.

படி 2: அளவு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.-இல் பெருக்கி 1000-ஆல் வகுங்கள். 60×30×30 தொட்டி 54 லிட்டர். கல், மணல் போக இன்னும் குறையும்.

படி 3: யாரோடு யார். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். டைகர் பார்ப் நீண்ட வால்களைக் கடிக்கும். கப்பி, ஏஞ்சல், ஃபைட்டர் பக்கம் விடவே கூடாது. கப்பியின் வாலைப் பார்த்து இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்து ஃபைட்டர் பாயும். ஏஞ்சல் குட்டியாக இருக்கும்போது சாது, வளர்ந்ததும் வாயில் அடங்கும் மீனை விழுங்கிவிடும். கோல்டு ஃபிஷ்ஷுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும், கழிவும் அதிகம், அதைத் தனியாக வையுங்கள். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லிக் கடையில் கொடுக்கும் சக்கர் மீன் ஓர் அடிக்கு மேல் வளரும். இடம் போதவில்லை என்று அதை ஏரியில் விடாதீர்கள். நம் நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகி நாட்டு மீன்களை நெருக்குகிறது.

54 லிட்டருக்கு என் பரிந்துரை: ஆறு ஆண் கப்பி, மூன்று பெண் பிளாட்டி. பெண் கப்பியும் சேர்த்தால் மாதாமாதம் குட்டி போட்டுத் தொட்டி நிரம்பிவிடும். பிளாட்டி கடையிலேயே சினையாக இருக்கலாம், அதனால் சில குட்டிகளை எதிர்பாருங்கள்.

படி 4: பொறுமை. மீன் இல்லாமல் ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள். அழுகும் தீனியிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வளர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே கடைக்குப் போங்கள்.

படி 5: விடுதல். கடையில் தந்த மீன் பையைத் தொட்டியில் 20 நிமிடம் மிதக்கவிட்டு, பையைத் திறந்து தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பழக்குங்கள். பிறகு வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். முதலில் பிளாட்டி, இரண்டு வாரம் கழித்துக் கப்பி.

சித்திரை வெயிலில் தண்ணீர் சூடானால் அதில் ஆக்சிஜன் குறையும். ஏர் பம்ப்பை இரவிலும் நிறுத்தாதீர்கள். மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, மேற்பரப்பில் காற்று படும்படி மேசை விசிறியை வையுங்கள். வலை அவசியம், கப்பி துள்ளி வெளியே விழும்.