நினோய் அக்கினோவைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

வெளிநாட்டு அரசியல் குறிப்புகளுக்கு மெய்ப்பு பார்க்கும் வேலையைக் கொஞ்ச காலம் செய்தேன். பிலிப்பைன்ஸ், அதிலும் அந்நாட்டு எதிர்க்கட்சித் தலைவராக இருந்த நினோய் அக்கினோ என்று வந்தால் சிவப்புப் பேனாவைக் கீழே வைக்கவே முடியாது. மற்றவர்களைச் சொல்வானேன், அப்பாவைப் பற்றிய குறிப்புக்கு மகனின் படத்தை வைத்து அச்சுக்கு அனுப்பியவன்தான் நானும்.

முதல் சிக்கலே பெயரில்தான். பெனிக்னோ அக்கினோ என்ற பெயரில் மூன்று தலைமுறை இருக்கிறது. தாத்தா, ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் தேசிய சட்டமன்றத்தின் சபாநாயகராக இருந்தவர். அவர் மகன்தான் 1983-இல் மணிலா விமான நிலையத்தில் கொல்லப்பட்ட நினோய். நினோயின் மகன் மூன்றாம் பெனிக்னோ 2010 முதல் 2016 வரை அதிபர். இந்த மகனின் செல்லப்பெயர் நொய்நொய். தமிழில் படித்தால் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து நச்சரிப்பதுபோல இருக்கும், உண்மைதான். அதற்காக அதை 'நினோய்' என்று மாற்றிவிட்டால் மகனின் ஆட்சி அப்பாவின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும்.

அப்படித்தான் 'முன்னாள் அதிபர் நினோய்' என்ற பிழை பிறக்கிறது. அவர் அதிபராக இருந்ததே இல்லை, அதிபர் தேர்தலில் நின்றதும் இல்லை. அப்போதைய அதிபர் ஃபெர்டினாண்ட் மார்க்கோஸின் இரண்டாவது பதவிக்காலம் முடிந்து 1973-இல் தேர்தல் நடந்திருந்தால் நின்றிருப்பார், ஜெயித்தும் இருப்பார் என்று பலர் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். 1972-இல் ராணுவச் சட்டம் வந்தது, தேர்தல் வரவில்லை. 1986-இல் அதிபரானவர் அவர் மனைவி கொரஸோன்.

அப்புறம், நடுப்பெயர். நம் இனிஷியல் பழக்கத்தில் அதை அப்பா பெயர் என்று எடுத்துக்கொள்கிறோம். அங்கே பெரும்பாலும் அது அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர். இன்றைய அதிபர் ஃபெர்டினாண்ட் ரொமுவால்டெஸ் மார்க்கோஸ் ஜூனியரின் பெயரில் உள்ள ரொமுவால்டெஸ், தாய் இமெல்டாவின் குடும்பம். கல்யாணமான பெண்ணுக்கும் பிறந்த வீட்டுப் பெயர் நடுவில் நிற்கும். கொரஸோன் கோஹுவாங்கோ அக்கினோ அப்படி வந்த பெயர்தான்.

'22 வயதில் மேயர்' என்ற வரி எல்லாக் குறிப்பிலும் உண்டு. அதோடு நிறுத்திவிடுவதுதான் தவறு. 1955 நவம்பரில் தார்லாக் மாகாணத்தின் கொன்செப்சியோன் ஊரில் அவர் ஜெயித்தார். 23 நிறைய சில வாரங்களே பாக்கி இருந்தன. பிறந்தநாள் நவம்பர் 27. வயது போதாது என்று வழக்குப் போட்டார்கள், நீதிமன்றம் பதவியைப் பறித்தது. 1967-இல் செனட் தேர்தலிலும் இதே கதைதான். குறைந்தபட்ச வயது 35, அவருக்கு வாக்களிப்பு நாளில் 34. மறுபடியும் வழக்கு. ஆனால் பதவியேற்கும் முன்பே 35 நிறைந்துவிட்டதால் இந்த முறை பதவி தப்பியது. ஒரே நவம்பர் மாதப் பிறந்தநாள் ஒரு தடவை கவிழ்த்தது, ஒரு தடவை காப்பாற்றியது. அவருடைய அவசரத்தை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

பலர் இந்த அவசரக்காரரைத் தொலைத்துவிடுகிறார்கள். விமான நிலையத்தில் சிந்திய ரத்தத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் படிப்பதால், பிறந்ததிலிருந்தே தியாகி போலவும், அவரும் மார்க்கோஸும் ஆதிமுதல் பகைவர்கள் போலவும் எழுதுகிறோம். இருவரும் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரே மாணவர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். இருவரும் கட்சி மாறியவர்கள். நினோய் நேசியோனலிஸ்டாவிலிருந்து லிபரலுக்குப் போனார், மார்க்கோஸ் லிபரலிலிருந்து நேசியோனலிஸ்டாவுக்கு வந்து 1965-இல் அதிபரானார். கட்சி தாவல் அங்கே அன்றும் இன்றும் சாதாரணம். நினோயின் மாமனார் வீடு பெரும் நிலக்கிழார் குடும்பம். 6,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட கரும்புப் பண்ணையான ஹசியெண்டா லுயிசிதா அவர்களுடையது, அதை நிர்வகித்தவர்களில் நினோயும் ஒருவர். எனவே கொரஸோனை வெறுமனே 'சாதாரண இல்லத்தரசி' என்று எழுதுவதும் பாதி உண்மைதான். நினோய் தேர்ந்த அரசியல்வாதி, வசதியான வீட்டுப் பிள்ளை. சிறைதான் அவரை வேறு ஆளாக்கியது என்பது என் எண்ணம். அந்தப் பழைய ஆளைச் சொல்லாமல் விட்டால் சிறை அவருக்கு என்ன செய்தது என்பதே புரியாது.

சிறைக் கதையில் தேதிகள் இடறும். ராணுவச் சட்டப் பிரகடனத்தில் உள்ள தேதி 1972 செப்டம்பர் 21. மார்க்கோஸ் தொலைக்காட்சியில் அறிவித்தது 23-ஆம் தேதி மாலை. நினோயை மணிலா ஹில்டன் ஹோட்டலில் பிடித்தது 22-ஆம் தேதி நள்ளிரவையொட்டி, சுங்கவரி மசோதா பற்றிய கூட்டத்தில் இருந்தபோது. அதாவது, நாட்டுக்குச் செய்தி தெரியும் முன்பே அவர் உள்ளே. 1977-இல் ராணுவ ஆணையம் மரண தண்டனை விதித்தது, ஆனால் நிறைவேற்றவில்லை. 1978 தேர்தலில் சிறையிலிருந்தபடியே லாபன் என்ற எதிர்க்கட்சி அணிக்குத் தலைமை ஏற்றார். 'தப்பி அமெரிக்கா போனார்' என்று எழுதுவார்கள். தப்பவில்லை. 1980-இல் மாரடைப்பு வந்தபின் அறுவை சிகிச்சைக்கு மார்க்கோஸ் அரசே அனுப்பியது.

1983 ஆகஸ்ட் 21 பற்றி எழுதும்போதுதான் நிதானம் மிகவும் வேண்டும். தைபேயிலிருந்து வந்த சைனா ஏர்லைன்ஸ் விமானத்தில், மார்சியல் போனிஃபாசியோ என்ற பெயரில் எடுத்த பாஸ்போர்ட்டுடன் மணிலா திரும்பினார். மார்ஷியல் லா (ராணுவச் சட்டம்), அவர் அடைத்து வைக்கப்பட்டிருந்த ராணுவ முகாமான ஃபோர்ட் போனிஃபாசியோ, இரண்டையும் ஒட்டிய பெயர். வெள்ளை உடைக்குள் குண்டு துளைக்காத கவசம். தலையில் சுட்டால் இது உதவாது என்று கூட வந்த செய்தியாளர்களிடம் அவரே சொல்லியிருந்தார். வீரர்கள் விமானத்துக்குள் ஏறி, பயணிகள் போகும் வழியை விட்டுப் பக்கவாட்டுப் படிக்கட்டில் இறக்கிக்கொண்டு போனார்கள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, பின்தலையில் குண்டு. 'விமானத்துக்குள் சுடப்பட்டார்', 'வரவேற்க வந்த கூட்டத்தில் சுடப்பட்டார்', இரண்டுமே தவறு.

'மார்க்கோஸ் கொன்றார்' என்று தீர்ப்புபோல எழுதுவதும் சரியில்லை. ரோலாண்டோ கால்மான் என்பவர்தான் சுட்டார் என்றது அரசு. அவரும் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்தார். கொலையை விசாரித்த அக்ராவா குழு 1984-இல் அந்தக் கதையை நிராகரித்து, ராணுவத்தினரின் சதி என்றது. 1985-இல், அரசு அதிகாரிகள் மீதான வழக்குகளை விசாரிக்கும் சந்திகன்பாயன் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுவித்தது. மார்க்கோஸ் வீழ்ந்தபின் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, மறுவிசாரணையில் 1990-இல் 16 ராணுவத்தினர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஆணையிட்டது யார் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. சந்தேகத்தைச் சந்தேகமாகவே எழுதலாமே, யார் தடுத்தார்கள்?

கொரஸோனை லிபரல் கட்சி வேட்பாளர் என்று எழுதுவது இன்னொன்று. 1986-இல் அவர் யூனிடோ என்ற எதிர்க்கட்சிக் கூட்டணியின் பெயரில் நின்றார், துணை அதிபர் வேட்பாளர் சல்வடோர் லாரல். லிபரல் கட்சி வேட்பாளராக நின்றது 2010-இல் மகன்.

1987-இல் அச்சான 500 பெசோ நோட்டு கிடைத்தால் ஒருமுறை பாருங்கள். கையை முகவாயில் வைத்தபடி நினோய், பக்கத்தில் ஒரு டைப்ரைட்டர். 17 வயதில் 'மணிலா டைம்ஸ்' பத்திரிகைக்காகக் கொரியப் போருக்குப் போய்ச் செய்தி எழுதியவர் அவர். பாதிக் குறிப்புகளில் இந்த வரியே இருப்பதில்லை.