முதல் மழைக்குப் பிறகு உடனே கடலில் இறங்காதீர்கள்

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் சுற்றுலாக்காரர் நிறைவது மே முதல் செப்டெம்பர் வரை. மழை குறைந்த மாதங்கள். மலசலகூடக் குழிகளின் கழிவு மணலுக்குள் ஊறும், கான்களில் (வடிகால்களில்) குப்பை சேரும். மாரி தொடங்கியதும் முதல் பெருமழை அவ்வளவையும் கடலுக்கு அடித்துவரும். நடு மாரி மழையைவிட இதுதான் மோசம்.

பலத்த மழை விட்டபின் குறைந்தது 2 நாள், தண்ணீர் இன்னும் கலங்கலென்றால் 3 நாள் குளிக்க வேண்டாம். வெயில் கிருமியைக் கொல்லும். கலங்கல் நீருக்குள் வெயில் இறங்காது. கான் வாய், முகத்துவாரம் இரண்டிலிருந்தும் 100 மீற்றராவது தள்ளி இறங்குங்கள். நீர் எந்தப் பக்கம் இழுபடுகிறது என்பது கரையோர நுரையில் தெரியும்; அதற்கு எதிர்ப்பக்கம் போங்கள். சின்னப் பிள்ளைகள் விளையாட ஓடுவது கான் நீர் தேங்கிய மணற்குட்டைக்குத்தான். ஓட்டமில்லாத அந்த நீர் கடலைவிட ஆபத்து, கட்டாயம் தடுங்கள். காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம்.

விடுதி நடத்துவோர் செப்டெம்பர் முடியுமுன் கழிவு உறிஞ்சும் பவுசர் வண்டி பிடித்துக் குழியை இறைப்பியுங்கள். மாரியில் நிலத்தடி நீர் ஏறிவிட்டால், இறைத்த குழியும் ஊற்றெடுத்துத் திரும்ப நிரம்பும்.