அயல்நாட்டில் அரசியல் கொந்தளிப்பு: தங்குவதா, கிளம்புவதா என்று முடிவெடுப்பது எப்படி?

வேலைக்கோ படிப்புக்கோ ஒரு நாட்டுக்குப் போக எல்லா ஏற்பாடும் முடிந்த நிலையில் அங்கே ஆர்ப்பாட்டமும் துப்பாக்கிச் சூடும் தொடங்கிவிட்டாலும், ஏற்கெனவே அங்கே குடியிருக்கும்போது நிலைமை மோசமானாலும், எல்லோரும் முதலில் கேட்பது ‘அந்த நாடு பாதுகாப்பாக இருக்கிறதா?’ என்பதைத்தான். இந்தக் கேள்விக்கு யாராலும் உருப்படியான பதில் சொல்ல முடியாது. ஒரே நகரத்தில் ஒரு தெரு பற்றி எரியும்போது, இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள். ஆகவே அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துக்கொள்வது நல்லது: மக்களின் கோபம் யார்மீது இருக்கிறது, அது என் அன்றாட வாழ்க்கையை எங்கே தொடும், கிளம்ப வேண்டிய நாள் வந்தால் என்னால் கிளம்ப முடியுமா. மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாதவர்கள், முதல் இரண்டுக்கும் எவ்வளவு நல்ல பதில் வைத்திருந்தாலும், அங்கே தங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் கோபத்தின் திசையைப் பார்க்க வேண்டும். 2019இல் ஹாங்காங்கில் மாதக்கணக்கில் நடந்த போராட்டங்கள் அரசை எதிர்த்தவை. பெரும்பாலும் வார இறுதிகளில், முன்கூட்டியே தெரிந்த இடங்களில் நடந்தன. அந்த இடங்களைத் தவிர்த்து வெளிநாட்டவர் பலர் வேலைக்குப் போய்வந்தார்கள். கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரத்தில் 2024 மே மாதம் நடந்தது வேறு வகை: உள்ளூர்க்காரர்களுக்கும் வெளிநாட்டவர் சிலருக்கும் நடந்த ஒரு கைகலப்பின் காணொலி பரவி, சில நாள் கழித்து மே 17 இரவு கும்பல்கள் வெளிநாட்டு மாணவர்களின் விடுதிகளுக்குள் புகுந்தன. தென்னாப்பிரிக்காவில் 2008 மே மாதம் குடியேறிகளுக்கு எதிராக மூண்ட வன்முறையில் 60க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். முதல் வகையில் ஒதுங்கி இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். இரண்டாவது வகையில் ஒதுங்கி இருக்கும் அந்த அறையே தாக்கப்படும் இடமாகிவிடும். எனவே உங்கள் முகம், மொழி, மதம், பாஸ்போர்ட் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று அந்தச் சண்டையில் ஒரு தரப்போடு சேர்த்துப் பார்க்கப்படுகிறதா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் நிறுவனம் அரசோடு நெருக்கமானது என்று மக்கள் நம்பினால், நீங்கள் வெறும் ஊழியர்தான் என்பது கூட்டத்துக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் அமைதியாக இருக்கிறாரே என்று ஆறுதல் கொள்வதிலும் ஓர் ஆபத்து உண்டு. அவருக்குத் தப்பிப் போக சொந்தக்காரர்களின் கிராமம் இருக்கிறது, சாலைத்தடுப்பில் பேச மொழி இருக்கிறது. உங்களுக்கு இரண்டும் இல்லை.

நிலைமை எந்தப் பக்கம் போகிறது என்பதைத் தொலைக்காட்சியை வைத்து அளக்காதீர்கள். எரிந்துபோன ஒரே பேருந்தை அது மூன்று நாள் காட்டும். நான் ஒரு கொந்தளிப்பான மாதத்தில் அயல்நாட்டு நகரம் ஒன்றில் தங்கியிருந்தபோது, எனக்கு மிகச் சரியான செய்தியைத் தந்தது வீட்டுக்கு எதிரே இருந்த கடைகளின் இரும்புக் கதவுகள்தாம். காலையில் கதவு முழுதும் ஏற்றியிருந்தால் அன்றைக்கு ஒன்றும் இல்லை. பாதிவரை இறக்கி, உள்ளே விளக்கில்லாமல் வியாபாரம் நடந்தால் அன்று மாலைக்குள் ஏதோ நடக்கும் என்று கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும். பதினோரு மணிக்கே தெரு முழுக்கக் கதவுகள் சரசரவென்று விழுந்தால், நான் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். இதேபோல் பள்ளிகள் திறக்கின்றனவா, பெட்ரோலுக்கு வரிசை நீள்கிறதா, வங்கிகள் பணம் எடுக்க வரம்பு வைக்கின்றனவா, தெருவில் காவல்துறைக்குப் பதிலாகப் படையினர் நிற்கிறார்களா என்று கவனிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடக் கடுமையான அறிகுறி, ஆயுதம் ஏந்திய அமைப்புகளுக்குள்ளேயே பிளவு ஏற்படுவது. சூடானில் ராணுவத்துக்கும் அதிவேக ஆதரவுப் படை என்ற துணை ராணுவத்துக்கும் இடையே இருந்த பூசல்தான் 2023 ஏப்ரல் 15 காலையில் தலைநகர் கார்த்தூமைப் போர்க்களமாக்கியது. இன்னோர் அறிகுறி தூதரகங்களிடமிருந்து வரும். அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் பயண எச்சரிக்கைகளை நான்கு படிகளாக வெளியிடுகின்றன. படியின் எண்ணைவிட, அதன் கீழே எந்த மாநிலம், எந்தச் சாலை, என்ன காரணம் என்று எழுதியிருப்பதை வாசிப்பதே முக்கியம். ஏதாவது ஒரு தூதரகம் தன் ஊழியர்களின் குடும்பங்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கினால், அதைப் படித்த அன்றே உங்கள் குடும்பத்தைப் பற்றியும் முடிவெடுங்கள்.

அடுத்து, வெளியேறும் வழி. விமானம் இருக்கிறதே என்று எல்லோரும் நம்புகிறார்கள். விமான நிலையம் எல்லாத் தரப்பும் கைப்பற்ற விரும்பும் இடம். பாங்காக்கின் சுவர்ணபூமி நிலையத்தை 2008 நவம்பர் 25 முதல் ஒரு வாரத்துக்கு மேல் போராட்டக்காரர்கள் ஆக்கிரமித்திருந்தார்கள். காத்மாண்டு நிலையம் 2025 செப்டம்பர் 9 அன்று மூடப்பட்டு மறுநாளே திறந்தது. கார்த்தூம் நிலையமோ சண்டையின் முதல் நாளே தாக்கப்பட்டு, அங்கிருந்தவர்கள் போர்ட் சூடான் துறைமுகத்துக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் சாலை வழியாகப் போக வேண்டியிருந்தது. 1990இல் குவைத்திலிருந்து சுமார் 1,70,000 இந்தியர்களை மீட்ட விமானங்களும் பெரும்பாலும் ஜோர்டானின் அம்மானிலிருந்துதான் பறந்தன; ஈராக் வழியாக அம்மான்வரை சேர்வது மக்களின் பாடாக இருந்தது. ஆகவே விமானம் இல்லாத ஒரு வழியையாவது பெயர் சொல்லி எழுதிவையுங்கள்: எந்த எல்லைச் சாவடி, எத்தனை மணி நேரப் பயணம், அண்டை நாட்டுக்கு விசா வேண்டுமா, வண்டியும் ஓட்டுநரும் யார். விசா வேண்டுமென்றால் அமைதியாக இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

முடிவெடுப்பதில் மிகக் கடினமான பகுதி நேரம்தான். நிலைமை ஒரே நாளில் கெடுவது அரிது. நேற்றைவிட இன்று கொஞ்சம் மோசம், இன்றைவிட நாளை இன்னும் கொஞ்சம் மோசம் என்று மெல்ல மெல்லக் கெடுவதால், ஒவ்வொரு நாளும் ‘இன்னும் ஒரு நாள் பார்ப்போம்’ என்றே தோன்றும். கீவில் இருந்த இந்தியத் தூதரகம், குறிப்பாக மாணவர்கள், தங்க வேண்டிய கட்டாயம் இல்லாவிட்டால் தற்காலிகமாக வெளியேறுவதைப் பற்றி யோசிக்கலாம் என்று 2022 பிப்ரவரி 15 அன்று அறிவித்தது. வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன, பயணச்சீட்டு விலையும் ஏறியிருந்தது, பலர் காத்திருந்தார்கள். பிப்ரவரி 24 அதிகாலையில் உக்ரைன் வான்வெளி மூடப்பட்டது. இடையில் இருந்தவை ஒன்பது நாட்கள். பிறகு அவர்கள் குளிரில் எல்லைவரை போய், போலந்து, ருமேனியா, ஹங்கேரி வழியாக வீடு திரும்ப வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த இடத்தில் இருந்திருந்தால் நானும் வருகைப் பதிவைப் பற்றித்தான் கவலைப்பட்டிருப்பேன்.

அதனால்தான் எல்லைக்கோட்டை மனம் அமைதியாக இருக்கும்போதே, காகிதத்தில், தேதி போட்டு எழுதிவைக்கச் சொல்கிறேன். ‘நிலைமை மிகவும் மோசமானால் கிளம்புவேன்’ என்பது எல்லைக்கோடு ஆகாது. ‘நான் குடியிருக்கும் பகுதியில் துப்பாக்கிச் சூடு நடந்தால்’, ‘பகலிலும் ஊரடங்கு மூன்று நாள் நீடித்தால்’, ‘இரண்டு விமான நிறுவனங்கள் சேவையை நிறுத்தினால்’, ‘வெளிநாட்டவர் ஒருவர் வெளிநாட்டவர் என்பதற்காகவே தாக்கப்பட்டால்’ என்று, நடந்ததா இல்லையா என்று யார் பார்த்தாலும் சொல்லக்கூடிய நிகழ்ச்சிகளாக அவை இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று நடந்தாலே அன்றே பயணச்சீட்டு போட வேண்டும். மறுபடி உட்கார்ந்து விவாதிக்கக் கூடாது. அந்தக் காகிதத்தின் நகலை அந்த நாட்டுக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் கொடுத்து, ‘கோடு தாண்டியாயிற்று, கிளம்பு’ என்று சொல்லும் உரிமையையும் கொடுங்கள். தெருச் சத்தம் பழகிப்போன உங்களைவிட, தூரத்தில் இருப்பவருக்கு அது தெளிவாகத் தெரியும். குடும்பமாக இருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே கோடு போட வேண்டியதில்லை. குழந்தைகள், கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், குளிர்பெட்டியில் வைக்க வேண்டிய இன்சுலினை நம்பியிருப்பவர்கள் முதல் அறிகுறியிலேயே போய்விட வேண்டும்.

பாஸ்போர்ட் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். நான் சொன்ன அதே மாதத்தில், என்னோடு தங்கியிருந்த ஒருவரின் பாஸ்போர்ட் அவருடைய அலுவலகத்தின் இரும்புப் பெட்டகத்தில் இருந்தது. சாவி வைத்திருந்த மேலாளரோ ஊரடங்கால் நகரத்தின் மறுகோடியில் மாட்டிக்கொண்டார். நண்பர் நான்கு நாள் மூட்டையைக் கட்டிவைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. கொந்தளிப்பு நேரத்தில் வேறொரு நாட்டின் விசாவுக்காகப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவைப்பதும் ஆபத்துதான்: கார்த்தூமில் சில தூதரகங்கள் அவசரமாக மூடப்பட்டபோது, விசாவுக்கு விண்ணப்பித்த சூடானியர்களின் பாஸ்போர்ட்டுகள் உள்ளேயே சிக்கிக்கொண்டன. குடியிருப்பு அனுமதி காலாவதியாக இன்னும் சில வாரங்களே இருந்தால் இப்போதே புதுப்பியுங்கள். நாட்டைவிட்டு வெளியேற அனுமதி வாங்க வேண்டிய இடங்களில், அலுவலகங்கள் மூடினால் அந்த அனுமதியும் கிடைக்காது. அங்கே பிறந்த குழந்தைக்கு உடனே பிறப்புச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் எடுத்துவிடுங்கள்.

பணத்தை மூன்று இடத்தில் வையுங்கள்: கையில் சில்லறை நோட்டுகளாக, அந்த நாட்டு வங்கியில் ஒரு மாதச் செலவுக்கு, மீதி முழுவதும் அந்த நாட்டுக்கு வெளியே. லெபனானில் 2019 அக்டோபரில் வங்கிகள் இரண்டு வாரம் மூடப்பட்டு, திறந்தபோது டாலர் எடுப்பதற்குக் கடும் வரம்புகள் வந்தன. வாழ்நாள் சேமிப்பு கணக்கில் எண்ணாக மட்டும் இருந்தது. காப்பீட்டுப் பத்திரத்தில் போர், உள்நாட்டுக் கலகம் பற்றிய விலக்குகளைத் தேடிப் படியுங்கள். அரசு எச்சரித்த பிறகு அந்த நாட்டுக்குள் போனவருக்குப் பல பத்திரங்கள் எதுவும் தருவதில்லை.

தொலைத்தொடர்பும் நின்றுபோகும். எகிப்தில் 2011 ஜனவரி 28 முதல் ஐந்து நாள் இணையம் இல்லை. ஆஃப்லைன் வரைபடம், காகிதத்தில் எழுதிய தொலைபேசி எண்கள், ‘இரண்டு நாள் பேச்சில்லையென்றாலும் பயப்படாதீர்கள், மூன்றாம் நாள் தூதரகத்துக்குச் சொல்லுங்கள்’ என்று வீட்டாரோடு ஓர் உடன்பாடு, இவை போதும்.

தூதரகத்தில் பதிவு செய்துவிடுங்கள். ஆனால் அதனால் என்ன முடியும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கைதானவர் கேட்டுக்கொண்டால் அவருடைய தூதரகத்துக்குத் தகவல் தர வேண்டும் என்று தூதரக உறவுகள் பற்றிய 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு சொல்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவரை அந்த நாடு தன் குடிமகனாகவே நடத்தும் என்பதால், மற்ற நாட்டின் தூதரகம் அவருக்காகத் தலையிடுவது கடினம். மீட்பு விமானம் எப்போதும் இலவசமும் அல்ல. பிறகு திருப்பிக் கட்டுவதாக எழுதி வாங்கும் அரசுகள் உண்டு.

இன்னும் போகாதவர்கள், நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியவை சில: வேலையில் சேரும் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா, நிலைமை கெட்டால் வெளியேறும் செலவை யார் ஏற்பார், அந்த மாதங்களின் சம்பளம் என்னவாகும். மழுப்பலான பதில் வந்தால், அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம். மாணவர்கள் சேர்க்கையை ஒரு பருவம் தள்ளிவைக்கக் கேட்கலாம்.

கடன் வாங்கிப் போனவர்களின் நிலைதான் என்னை மிகவும் வருத்துகிறது. திரும்பினால் கடன் நெரிக்கும், தங்கினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. அவர்களிடம் ‘உடனே வந்துவிடு’ என்று சொல்வது எளிது. அவர்கள் முதலில் தேட வேண்டியது நடுவழி: அதே நாட்டின் அமைதியான நகரத்துக்கோ அண்டை நாட்டுக் கிளைக்கோ மாற்றல் கேட்பது, தவணையைச் சில மாதம் ஒத்திவைக்கக் கடன் கொடுத்தவரிடம் இப்போதே பேசுவது. ஆனால் அவர்களுக்கும் ஓர் எல்லைக்கோடு வேண்டும். கடனைக் காரணம் காட்டி அதை அழிக்கக் கூடாது.

தங்குவது என்று முடிவானால் இரண்டு வாரத்துக்குத் தண்ணீர், உணவு, மருந்து சேர்த்துவையுங்கள். ஜன்னலை ஒட்டிப் படுக்காதீர்கள். கூட்டத்தைப் படம் எடுக்காதீர்கள். எந்தத் தரப்பு நியாயமாகத் தோன்றினாலும் ஊர்வலத்தில் நடக்காதீர்கள், வெளிநாட்டவர் அரசியலில் கலந்துகொள்வது பல நாடுகளில் நாடுகடத்தப் போதுமான காரணம்.

கிளம்பியவர்கள் திரும்பிப் போவதில் அவசரப்பட வேண்டாம். வங்கதேசத்தில் 2024 ஜூலை 18 அன்று துண்டிக்கப்பட்ட மொபைல் இணையம் பத்து நாளில் திரும்பியது, ஊரடங்கும் தளர்ந்தது, நிலைமை சீராகிறது என்று பலர் நம்பினார்கள். ஆகஸ்ட் 5 அன்று அரசே கவிழ்ந்து, டாக்கா விமான நிலையம் சில மணி நேரம் மூடப்பட்டது. பள்ளிகள் தொடர்ந்து ஒரு மாதம் நடந்து, தூதரகக் குடும்பங்கள் திரும்பி, உங்கள் காப்பீட்டு நிறுவனம் மறுபடி பொறுப்பேற்கச் சம்மதித்த பிறகு, பழைய காகிதத்தை எடுத்து எல்லைக்கோடுகளைப் புதிதாக எழுதி, அதன் பின் பயணச்சீட்டு வாங்குங்கள்.